சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

மேஸ்திரிக்கு வலது தோள்பட்டை அன்று விடியும்போதே இழுக்க ஆரம்பித்துவிட்டது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே யாரோ ஆணி அடித்து விட்டுவிட்டுப் போன மாதிரி. பதினொரு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரும்பைப் பற்றவைத்த தோள். டீ டம்ளரை எடுக்க இடது கையைத்தான் நீட்டினார்.

"வலது கை வேலைநிறுத்தமா மேஸ்திரி? அமைச்சர் கை கொடுத்தா என்ன பண்ணுவீங்க?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த வால்.

"அவர் கண்ணுல படக்கூடாதுன்னுதானே என்னைக் கேன்டீன்ல உட்கார வச்சிருக்கு. எனக்கு எங்க கை கொடுக்கப் போறாரு?"

"அதுவும் சரிதான். மாப்பிள்ளையைப் பூட்டி வச்சுட்டுக் கல்யாணம் நடத்துறாங்க."

கேன்டீனில் அவர்கள் இருவர் மட்டுமே. மற்ற மேசைகளில் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வழக்கமாகப் பத்து மணிக்கு இங்கே காது கிழியும். இன்று எல்லோரையும் முன்வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள், கைதட்ட.

அது ராணுவத்துக்கான ஆராய்ச்சி நிலையம். மேஸ்திரி அந்த நாட்டுக்காரர் அல்ல. அவர் ஊரில் கப்பல் கட்டும் தளத்தில் இருபத்திரண்டு வருடம் வெல்டர். நீருக்கடியில் போகும் கப்பலின் உடம்பை ஒட்டிய கை. தளம் மூடியபோது, அங்கிருந்தவர்கள் எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள்: இந்த வித்தையை வேறு எந்த நாட்டு ராணுவத்துக்கும் செய்ய மாட்டேன். அவரும் போட்டார். எட்டு மாதம் சும்மா உட்கார்ந்து பார்த்தார். பிறகு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். திரும்பிப் போனால் விமான நிலையத்திலேயே விலங்கு மாட்டுவார்கள். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு மாட்டினார்கள்.

இங்கே கணக்குப் போட ஆள் இருந்தார்கள், படம் வரைய ஆள் இருந்தார்கள். அந்த வகை இரும்பை விரிசல் விழாமல் ஒட்டுகிற கை மட்டும் இல்லை. அந்தக் கைக்குத்தான் அனுமதிச் சீட்டு, வீடு, மகளுக்குக் கல்லூரியில் இடம்.

ஆனால் கைக்குக் கொடுத்த மரியாதையைக் கண்ணுக்குக் கொடுக்கவில்லை. அவருக்கு வரும் வரைபடத்தில் பாதிக்கு மேல் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். தான் போட்ட ஒட்டுக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தைக்கூட அவர் பார்க்கக்கூடாது. "சுத்தமா இருக்கு" என்று டாக்டரம்மா வாயால் சொல்வார், அவ்வளவுதான். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, இரும்பைப் படித்த டாக்டர். அந்தப் பிரிவுக்கே தலைவி.

தரையில் ஒரு சிவப்புக் கோடு. பட்டறைக்கும் சோதனைக்கூடத்துக்கும் போகும் தாழ்வாரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. மேஸ்திரியின் சட்டையில் தொங்கும் அட்டையில் 'வெளியாள்' என்று போட்டிருக்கும். வெளியாள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் தனியாக நடமாடக்கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் இரண்டடி பின்னால் ஓர் ஆள் வரவேண்டும். அந்த ஆள்தான் வால். பதவிப் பெயர் 'உடன்செல்பவர்'. வால் என்று பெயர் வைத்தது அவன் மனைவியே. "மூணு வருஷமா ஒருத்தர் பின்னாடியே சுத்துறீங்களே, வாலுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? வால் ஆடவாவது செய்யும்" என்றாளாம். அதை அவனே வந்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

விதித்தாளை மேஸ்திரி வேலைக்கு வந்த முதல் நாளே அவன் மேஸ்திரிக்குப் படித்துக் காட்டியிருந்தான். "நல்லா கேட்டுக்கோங்க. நீங்களா கோட்டைத் தாண்டினா குத்தம் உங்களுது, உங்களுக்கு விமானம். நான் கூட்டிட்டுப் போனா குத்தம் என்னுது, வேலை போய் நான் வீட்டுல உட்காரணும். அதனால ரெண்டு பேரும் இந்தப் பக்கமே இருப்போம், ரெண்டு குடும்பமும் சாப்பிடும்."

மூன்று வருடமாக அப்படியே இருந்தார்கள்.

"இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க" என்றான் வால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. பத்து அடித்து ஐந்து நிமிடம். "பதினொண்ணுக்கு முழு அழுத்தம். அமைச்சர் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு பார்ப்பாராம்."

சோதனைக்கு வைத்திருந்தது ஒரு காற்றுக்கலன். படுத்த நிலையில் ஆள் உயரம், இரண்டு ஆள் நீளம். அதற்குள் காற்றை நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தி அடைப்பார்கள். எதற்கென்று மேஸ்திரிக்கு யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

"தண்ணி ஊத்திச் சோதிக்கலாமே, காத்து எதுக்கு? தண்ணின்னா உடைஞ்சாலும் தரையை நனைச்சுட்டுப் போயிடும். காத்து அப்படி இல்ல."

"உள்ளே ஏதோ கருவி வச்சிருக்காங்க, நனையக்கூடாதாம். உங்க ஒட்டுதானே, எதுக்குப் பயம்?" வால் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தான். "நேத்து என் மச்சான்கூடச் சொன்னான். மேஸ்திரி ஒட்டைப் பார்த்தா கண்ணு கூசுது, அது பக்கத்துல என் ஒட்டு நாய் கடிச்ச மாதிரி இருக்குன்னான்."

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். "எது பக்கத்துல?"

"கலன் மேலதான். சாயங்காலம் ரெண்டு தாங்கி ஒட்டினான்ல, அந்தத் தட்டு மாட்ட." வால் விரலால் காற்றில் ஒரு நீண்ட சதுரம் வரைந்தான். "'முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு'ன்னு பெரிய எழுத்துல ஒரு தட்டு. டாக்டரம்மா பட்டை போட்டுக் கட்டத்தான் சொன்னாங்க. கட்டினா கோணலா நின்னுச்சு. போட்டோல அசிங்கமா இருக்கும்னு வரவேற்பு வேலை பார்க்குற ஆளுங்க ஒட்டச் சொல்லிட்டாங்க. உங்களைக் கூப்பிடலாம்னா நீங்க கோட்டுக்கு இந்தப் பக்கம். என் மச்சான் அங்கேயே இருந்தான்."

வாலின் மனைவிக்குத் தம்பி அந்த மச்சான். சோதனைக்கூடத்தில் குழாய் மாட்டுகிறவன். கதவு, கம்பி, படிக்கட்டு எல்லாம் பற்றவைப்பான். நல்ல கைதான், கதவுக்கும் கம்பிக்கும்.

"சூடு பண்ணினானா?"

"என்ன சூடு?"

"ஒட்டுறதுக்கு முன்னாடி. நான் பண்றதைப் பார்த்திருக்கியே. பர்னர் வச்சு, அரை நாள்."

வால் வாயில் போட்ட பன்னை மெல்லாமல் நிறுத்தினான். மூன்று வருடம் பின்னால் நின்றவனுக்கு அது தெரியும். மேஸ்திரி அந்த இரும்பைத் தொடும் முன் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேற்றுவார். உருக்கி ஒட்டுகிற ராடையும் அடுப்பில் காயவைத்துத்தான் எடுப்பார். முடித்ததும் கம்பளி போர்த்தி, காய்ச்சல்காரனைப் போலப் படுக்கவைத்து, மெல்ல ஆறவிடுவார்.

"அரை மணி நேரத்துல முடிச்சுட்டான். ராடு பெட்டியில கிடந்ததுதான்."

"வாரக்கணக்கா திறந்து கிடந்த பெட்டி. ஈரம் குடிச்சிருக்கும்." மேஸ்திரியின் குரல் சன்னமாகிவிட்டது. "மேல பெயின்ட் அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க."

"அப்போ டாக்டரம்மா கண்ணுலயும் பட்டிருக்காது."

அவர் விரல் மடக்கி எண்ணினார். மாலை ஐந்திலிருந்து காலை பத்து. பதினேழு மணி நேரம். அந்த இரும்பு வஞ்சகமான இரும்பு. குளிரக் குளிர ஒட்டினால் அப்போதைக்கு ஒன்றும் காட்டாது. உள்ளே போன ஈரம் ஒரு ராத்திரி முழுக்க இடம் தேடி அலைந்து, எங்கே இறுக்கம் அதிகமோ அங்கே போய் உட்காரும். அப்புறம் முடி மாதிரி ஒரு கீறல். அடுத்த நாள்தான் வரும். சொந்த ஊரில், அவர் கண் முன்னாலேயே, யாரும் தொடாத ஒரு தகடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பென்று பிளந்திருக்கிறது. அது வெறும் தகடு. இது காற்று அடைத்த கலன்.

"உன் மச்சான் இப்போ எங்க நிக்கிறான்?"

வால் எழுந்து சுவரிலிருந்த உள்தொலைபேசியை எடுத்தான். முகத்திலிருந்த சிரிப்பெல்லாம் வடிந்து போயிருந்தது.

"சோதனைக்கூடமா? நான்தான் பேசுறேன். டாக்டரம்மாவைக் கொஞ்சம் கூப்பிடு… அவசரம்டா… அமைச்சர் இருந்தா என்ன… சரி, என் மச்சானையாவது கூப்பிடு… மீட்டர்கிட்டயா?… எவ்வளவு தூரத்துல?" ரிசீவரை வைத்தான். "பேசக்கூடாதுன்னு உத்தரவாம். கட் பண்ணிட்டான். அவன் கலன்கிட்ட நிக்கிறான் மேஸ்திரி. நாலு எட்டுத் தூரம். மீட்டர் படிச்சுச் சொல்றது அவன்தான்."

"நான் போகணும். என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார் மேஸ்திரி.

இந்த வாக்கியத்தை அவர் சொன்னார். தெளிவாகச் சொன்னார். கேன்டீனில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

இருவரும் நடந்தார்கள். ஓடினால் காவலாளி பிடிப்பான். பட்டறை காலியாகக் கிடந்தது, அவருடைய முகமூடி கொக்கியில் தொங்கியது. தாழ்வாரத்தில் புதிதாகப் பெருக்கி மெழுகிய தரை, செருப்புக் கீச்சிட்டது. தோள் ஒவ்வோர் எட்டுக்கும் குத்தியது. பத்து இருபத்தைந்து.

சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காவலாளி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"எங்க, ஊர்வலமா?"

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நீ போய்ச் சொல்லு, கலன் மேல ஒட்டின தாங்கி விரிசல் விட்டிருக்கும், நிறுத்தச் சொல்லு" என்றான் வால்.

"இந்த இடத்தை விட்டு நகர்ந்தா என் சீட்டு கிழியும். பதினொண்ணரைக்கு வாங்க."

"பதினொண்ணரைக்கு எதுக்குடா? கூட்டி அள்ளவா?"

மேஸ்திரி கோட்டருகே வந்து நின்றார். காலைத் தூக்கினால் போதும். காவலாளி சுட மாட்டான், அவனிடம் தடிதான் இருந்தது. ஆனால் கால் எழவில்லை. காலையில் மகள் கண்ணாடி முன் நின்று, தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் என்று முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. மனைவி இந்த ஊர்ப் பேச்சை இப்போதுதான் கடைக்காரனிடம் சண்டை போடுமளவுக்குக் கற்றிருந்தாள். விமானப் படிக்கட்டு. கீழே நிற்கும் இரண்டு பேர். விலங்கு. உள்ளே நிற்பவன் யாரோ ஒருவனின் மச்சான். இரும்பு தாங்கினாலும் தாங்கிவிடும், எத்தனையோ தடவை தாங்கியிருக்கிறது. இப்படியெல்லாம் அவருக்குள் ஒருவன் பேசினான். அவனை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டு நின்றார்.

வால் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தான். ஒரே ஒரு தடவை. பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்து, மாட்டை இழுப்பதுபோல இழுத்தான். மேஸ்திரியின் செருப்பு சிவப்பைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"எழுதிக்கோ" என்று காவலாளியைப் பார்த்துக் கத்தினான் வால். "நான்தான் கூட்டிட்டுப் போறேன். என் பேரைப் போட்டு எழுதிக்கோ!"

தன் அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறந்தான்.

கட்டுப்பாட்டு அறையில் பத்துப் பன்னிரண்டு முதுகுகள் தெரிந்தன. தடித்த கண்ணாடிக்கு அப்பால் கலன், வெள்ளை பெயின்டில், நடுவயிற்றில் தட்டோடு. அதன் பக்கத்தில் வாலின் மச்சான் மீட்டரைப் பார்த்துக் கை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் அவன் குரல்: "எழுபது சதவீதம். நிலையா இருக்கு."

"அம்மா!" மேஸ்திரி கூப்பிட்ட சத்தத்தில் எல்லா முதுகும் திரும்பின. டாக்டரம்மா முகம் வெளிறியது. அமைச்சர் அந்த அட்டையைப் பார்த்தார். 'வெளியாள்' என்ற எழுத்தைப் படிக்க அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

"தட்டுக்குத் தாங்கி, ஒட்டியிருக்காங்கம்மா. கட்டலை. சூடில்லாம, ஈர ராடுல. நேத்து அஞ்சு மணிக்கு. நிறுத்துங்க."

டாக்டரம்மாவுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரும்பைப் படித்தவருக்கு மூன்று வார்த்தை போதும். ஆனால் பக்கத்தில் நின்ற பாதுகாப்பு அதிகாரி மேஸ்திரியின் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான், வலது கையை. அந்த வலியில் அவர் கண் இருட்டிய நேரத்தில்தான் ஒலிபெருக்கி வழியே அது கேட்டது. டிக். நகத்தால் பீங்கானைத் தட்டினாற்போல. உள்ளே நின்றவனும் கேட்டிருக்க வேண்டும், மீட்டரை விட்டுக் கலனைப் பார்த்தான்.

"இறக்கு" என்றார் டாக்டரம்மா. "அழுத்தத்தை இறக்கு. நீ வெளியே வா. ஓடி வா!"

காற்று வெளியேறும் சீறல் ஐந்து நிமிடம் நீடித்தது. அந்த ஐந்து நிமிடமும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மதியத்துக்கு மேல் தட்டைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, தாங்கியைச் சுற்றிச் சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பொடி போட்டார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்த சாயம் பொடியில் கசியும். கசிந்தது. ஒரு விரல் நீளம், மயிர்க்கோடு, மேஸ்திரி போட்ட ஒட்டை நோக்கி வளைந்து போயிருந்தது. மேஸ்திரிக்கு அதைக் காட்டவில்லை. அவர் பாதுகாப்பு அறையில் இருந்தார். டாக்டரம்மாதான் வந்து விரலைக் காட்டி, "இவ்வளவு" என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னார்: "விசாரணையில யோசிச்சுப் பேசுங்க. இன்னும் ரெண்டு கலன் பாக்கி இருக்கு. உங்க கையை விட்டா எனக்கு வேற கை கிடையாது."

"வாலுக்கு?"

"உடன்செல்பவர் வேலைக்கு நூறு பேர் வருவாங்க" என்றார் அவர். கொடுமையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

மறுநாள் விசாரணை. நீள மேசை, தண்ணீர் ஜாடி. விரிசலைப் பற்றி அரைப்பக்கம் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்கள்: 'நிலையத்தின் பாதுகாப்பு முறைகளால் உரிய நேரத்தில் கண்டறியப்பட்டது.' தட்டை ஒட்டச் சொன்னது யாரென்று யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்தது கோடு மட்டுமே. ஒரு வெளியாள் அமைச்சர் முன்னால் வந்து நின்றது எப்படி என்ற ஒரே கேள்வி.

பாதுகாப்பு அதிகாரி பேனாவைத் திறந்தான். "தெளிவாச் சொல்லிடறேன். கூட்டிட்டுப் போகச் சொல்லி நீங்க கேட்டு, அவர் கூட்டிட்டுப் போனார்னா பொறுப்பு ரெண்டு பேருக்கும். அவருக்கு மூணு மாசம் இடைநீக்கம், உங்க அனுமதி மறுபடி பரிசீலனைக்குப் போகும். நீங்க கேட்கலை, அவரா இழுத்துட்டுப் போனார்னா அது முழுக்க அவரோட குத்தம். காவலாளி இழுத்ததைத்தான் பார்த்திருக்கான். நீங்க கேட்டீங்களா?"

தண்ணீர் ஜாடிக்கு அந்தப் பக்கம் வால் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தான். அவன் மேஸ்திரியைப் பார்க்கவில்லை, ஜாடியைப் பார்த்தான். கேன்டீனில் நடந்ததைச் சொல்ல அவனுக்கும் வாய் இருந்தது. அவன் சொல்லவில்லை. மேஸ்திரி சொல்வார் என்று காத்திருந்தானோ, சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டானோ, இன்றுவரை தெரியாது.

"அவர்தான் இழுத்துட்டுப் போனார்" என்றார் மேஸ்திரி.

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

பேனா எழுதியது. டாக்டரம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது வால் மேஸ்திரிக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், மூன்று வருடப் பழக்கம். அவர் தாண்டிப் போன பிறகு பின்னால் காலடி கேட்கவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்தாவது வாரம் இரண்டாவது கலனுக்கு இரும்பு வந்து இறங்கியது. அனுமதிச் சீட்டு இன்னொரு வருடத்துக்கு நீண்டது. மனைவி அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கலாமா என்று கேட்டாள். "மாட்டாதே" என்று அவர் கத்தியதில் மகள் படிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அன்று காலை பட்டறை வாசலில் புது உடன்செல்பவன் நின்றான். வாலின் மச்சான். கலன்கிட்ட இனி நிற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து வேலை மாற்றிக்கொண்டானாம். இரண்டடி பின்னால் வந்தான். வாலைப்போலப் பேசுகிறவன் இல்லை. பர்னர் மூட்டி, இரும்பு சூடேறக் காத்து இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மேஸ்திரியால் தாங்க முடியவில்லை. "மாமா என்ன பண்றாரு?"

"கிடங்குல மூட்டை தூக்குறாரு. இந்த வயசுல." அவன் தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்கா தினமும் திட்டுது. யார் கேட்டு நீங்க உள்ளே போனீங்கன்னு. அவரு வாயே திறக்க மாட்டேங்கிறாரு."

பர்னர் உறுமியது.

"உங்க தோள் வலி எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

மேஸ்திரி முகமூடியை இறக்கிக்கொண்டார். உள்ளே இருட்டு. இரும்பு இன்னும் சூடாகவில்லை, ராடு அடுப்பிலேயே இருந்தது, முகமூடிக்கு இப்போது எந்த வேலையும் இல்லை. இருந்தும் அதைத் தூக்கவில்லை. அந்த மேசையில், அந்தப் பேனாவுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை நாக்கின் அடியிலேயே கிடந்தது. "நான்தான் கேட்டேன்." வாலுக்கு அவர் தர வேண்டியது அதுதான். இன்னும் தரவில்லை.